மாலத்தீவில் வாத்தியார் வேலை: போகலாமா? தீவில் இருந்தவர்கள் சொல்லுங்கள்

#1 வகுத்தல்மீதி

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி., பி.எட்., பாடம் கணக்கு. நாலு வருஷமா ஒரு தனியார் பள்ளியில இருக்கேன். சம்பளத்தை இங்கே எழுதினா நீங்களே அழுதுடுவீங்க. இப்போ மாலத்தீவு அரசுப் பள்ளி வேலைக்கு ஆன்லைன்ல நேர்காணல் முடிஞ்சு ஆஃபர் வந்திருக்கு. தலைநகர் மாலே இல்லை, வடக்கே ஹா தாலு அட்டோல்ல (தீவுக் கூட்டம்) ஒரு சின்னத் தீவு. மேப்பைப் பெருசாக்கிப் பார்த்தேன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி ஒண்ணரை கிலோமீட்டர் கூட வரலை.

அம்மாவுக்கு ஒரே பயம். "முஸ்லிம் நாடாமே, நெத்தியில திருநீறு பூசிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போக முடியுமா? சாமி படம் வெச்சுக்க விடுவாங்களா?" எனக்கு அந்தப் பயம் சுத்தமா இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். வீட்டுல சைவம் வேற. நோன்பு மாசத்துல என்ன பண்றது, பசங்க மதத்தைப் பத்திக் கேட்டா என்ன சொல்றது, கையில எவ்வளவு மிஞ்சும், எல்லாமே கேள்விதான். இருந்தவங்க உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

#2 ரியாத்ரிட்டன்

பதினோரு வருஷம் ரியாத்ல இருந்தேன். எல்லா முஸ்லிம் நாடும் ஒண்ணுதான் தம்பி. வெள்ளிக்கிழமை லீவு, தொழுகை நேரத்துல கடை மூடல், குடி கிடையாது, வாயை மூடிட்டு வேலையைப் பாத்தா பணம். மதம் பேசாதே, அரசியல் பேசாதே. இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்லை.

#3 தோணிக்காரன்

தம்பி, நான் 2008 முதல் 2016 கடைசி வரை அங்கே இருந்தேன். மூணு தீவு, மூணு பள்ளிக்கூடம். ரியாத்காரர் சொன்னதுல பாதி சரி. வாரம் ஞாயிறு தொடங்கி வியாழன் முடியும், மதுவும் பன்றியும் கிடையாது, தொழுகைக்குக் கால் மணி நேரம் கடை மூடும். இதெல்லாம் பத்து நாள்ல பழகிடும். ஆனா ரியாத்தையும் ஒரு தீவையும் ஒரே தராசுல வைக்கக் கூடாது. நீ கேட்ட கேள்வியில முக்காவாசி மதத்தைப் பத்தினது. போறவன் எல்லாம் அதைத்தான் கேக்கறான், நானும் அதைத்தான் கேட்டேன். போனப்புறம்தான் தெரிஞ்சது, அங்கே நம்ம உயிரை வாங்குறது கடல். அதுக்கடுத்து டாலர். மதம் மூணாவதோ நாலாவதோ.

முதல்ல உன் அம்மா கேள்விக்கு வரேன். வழிபாட்டுச் சிலை கொண்டு வரக் கூடாதுன்னு அங்கே சட்டமே இருக்கு. விமான நிலையத்துல பெட்டியை ஸ்கேன் பண்ணுவாங்க. அதனால பிள்ளையார் வீட்டுலயே இருக்கட்டும், மஞ்சப்பையில சுத்திக் கொண்டு போற வேலையெல்லாம் வேண்டாம். 2008 அரசியல் சட்டப்படி முஸ்லிம் அல்லாதவர் அந்த நாட்டுக் குடிமகன் ஆகவே முடியாது, பொது இடத்துல வேற வழிபாடும் கூடாது. நம்ம ஊர்ல தெருவை அடைச்சுப் பந்தல் போடுறவங்களுக்கு இது கஷ்டம். அறைக்குள்ள கண்ணை மூடி உக்காந்திருக்கிறவனை யாரும் கதவைத் தட்டிக் கேக்கலை, என் அனுபவத்துல. திருநீறை நான் குளிச்சதும் பூசிப்பேன், பள்ளிக்குக் கிளம்பும்போது முகம் கழுவிடுவேன். இது தன்மானக் குறைச்சல்னு சொன்ன நண்பன் உண்டு. அவன் இன்னும் ஊர்லதான் இருக்கான்.

இனி கடல். வடகிழக்குக் காத்து அடிக்கிற டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் தாம்பாளம் மாதிரி இருக்கும், அதை 'இருவாய்'ம்பாங்க. மே முதல் அக்டோபர் போல வரைக்கும் தென்மேற்கு, 'ஹுள்ஹங்கு'. அப்போ ரெண்டு நாள் மூணு நாள் சேர்ந்தாப்புல படகு வராது. படகு வராட்டி வெங்காயம் வராது, கோழிமுட்டை வராது, லீவுக்கு ஊருக்குக் கிளம்பினவன் கரையிலயே பெட்டியோட உக்காந்திருப்பான். எங்க அப்பா இறந்த செய்தி ஜூன் மாசத்துல வந்தது. தீவிலிருந்து விமான நிலையத்துக்கு நாப்பது கிலோமீட்டர் கடல். நான் வீடு வந்து சேர்ந்தது நாலாவது நாள். இதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. படகுக்காரர் கிளம்பித்தான் பார்த்தார், திட்டு தாண்டினதும் ஒரு அலை, திருப்பிட்டார்.

இதுல உன் அம்மாவுக்குப் பிடிக்கிற ஒரு விஷயம் இருக்கு. அந்தக் கடலை அவங்க எதை வெச்சுக் கணக்குப் பார்க்கிறாங்க தெரியுமா? நட்சத்திரத்தை வெச்சு. 'நகை'ம்பாங்க. வருஷத்துக்கு 27, ஒண்ணு ஒண்ணுக்கும் 13, 14 நாள். ஏப்ரல் 8ல 'அஸ்ஸிதா' பிறக்கும், அடுத்தது 'புருணு', அப்புறம் 'கெதி', 'ரோணு', 'மியஹெளி'. அஸ்வினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம். அப்படியே நம்ம வரிசை! மே 6ல கெதி பிறக்கும். நம்ம ஊர்ல கத்திரி வெயில்னு அக்னி நட்சத்திரத்துல தார் உருகிட்டு இருக்கும், சூரியன் நிக்கிறது அதே கார்த்திகையில. அங்கே அதே கார்த்திகைக்கு மழையும் காத்தும். நான் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் எழுபது வயசு மனுஷர், அஞ்சு வேளைத் தொழுகை தவறாதவர், பள்ளிவாசலிலிருந்து வந்து வாசல் வலைநாற்காலியில சாஞ்சுக்கிட்டு, "சார், கெதி வந்தாச்சு, இந்த வாரம் படகு ஏறாதே"ம்பார். மதம் வேற, வானம் பார்க்கிற கணக்கு ஒண்ணு.

#4 காயல்பெண்

அஸ்ஸலாமு அலைக்கும் / வணக்கம். நான் தெற்கே அட்டூ அட்டோலில் நாலு வருஷம் ஆங்கிலம் எடுத்தேன், 2013 முதல் 2017 வரை. இங்கே எல்லாரும் இந்துவாகப் போனால் எப்படி இருக்கும் என்றே பேசுகிறீர்கள். முஸ்லிமாகப் போன கதையையும் கேளுங்கள்.

எனக்கு எல்லாம் சுலபம் என்று நினைத்துத்தான் போனேன். காயல்பட்டினத்தில் ஷாஃபி என்ற மார்க்கச் சட்ட வழி, அங்கேயும் இப்போது ஷாஃபி வழிதான். அவர்கள் இஸ்லாத்தை ஏற்றது 1153ல். எங்கள் ஊருக்கும் அரபு வணிகர் தொடர்பு அதே போலப் பழையது. ஒரே கடல், ஒரே தேங்காய்ப்பால், ஒரே மாசிக் கருவாடு. அப்புறம் என்ன வித்தியாசம் இருக்கப் போகிறது?

இருந்தது. எங்கள் ஊரில் பெண்கள் நடக்கவே தனியாக முடுக்கு உண்டு. அங்கே ஹிஜாப் போட்ட பெண் பைக்கில் பறக்கிறாள், பின்னால் மாமியார். கவுன்சில் அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எங்கே பார்த்தாலும் பெண்கள். விவாகரத்தும் மறுமணமும் சாதாரணம். பெற்றோர் சந்திப்பில் ஒரு பையனுக்கு அம்மா, அப்பா, அம்மாவின் இப்போதைய கணவர் என்று மூன்று பேர் வந்து, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு அவன் மார்க்கைப் பார்த்தார்கள். நான்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தேன். இதையெல்லாம் பார்த்து முகம் சுளித்த முதல் வெளியூர்க்காரி நான் இல்லை. 1343ல் அங்கே போய்க் காஜியாக (நீதிபதியாக) இருந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா, பெண்கள் மேலே துணி போடுவதில்லை, சொன்னாலும் கேட்பதில்லை என்று புலம்பியிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்து வேலை பார்த்தவர், உள்ளூரில் கல்யாணம் பண்ணிக்கொண்டவர், மேலிடத்தோடு சண்டை போட்டுக் கிளம்பியவர். இலங்கை வழியாக வந்து இறங்கியது நம் மதுரை சுல்தான் பக்கம்! எக்ஸ்பாட் வாழ்க்கை எழுநூறு வருஷத்தில் பெரிதாக மாறவில்லை.

சாப்பாடு பற்றித் தம்பிக்கு ஒன்று. சைவம் என்று சொன்னால் தலையாட்டுவார்கள், ஆனால் அவர்கள் கணக்கில் மீன் அசைவம் இல்லை. கோழி, மாடுதான் கறி. பஜியா என்று நம் சமோசா போல ஒன்று தருவார்கள். உள்ளே தேங்காயும் வெங்காயமும்தான் தெரியும். அதிலும் சூரை மீன்.

#5 வகுத்தல்மீதி

காயல் அக்கா, பஜியா எச்சரிக்கைக்கு நன்றி. தோணி அண்ணா, நகை விஷயத்தை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "அப்ப நம்மாளுங்கதான்"னு ஒரே வார்த்தையில தீர்ப்பு சொல்லிட்டாங்க. இப்போ அவங்களுக்குப் பயம் கடல் மேல மாறிடுச்சு, அது வேற விஷயம்.

டாலர் பத்திச் சொல்லுங்க. சம்பளம் மாலத்தீவுப் பணமான ரூஃபியாவுலன்னு ஒப்பந்தத்துல இருக்கு. ஒரு டாலருக்கு 15.42னு போட்டுக் கணக்குப் பார்த்தா நல்லாத்தான் வருது?

#6 தோணிக்காரன்

அந்த 15.42 பலகையில எழுதுற நம்பர். நீ கணக்கு வாத்தியார், ஒரு கணக்கு தரேன். 2011 ஏப்ரல் வரை டாலருக்கு 12.80 ரூஃபியா. பத்தாயிரம் ரூஃபியா வாங்குறவனுக்கு 781 டாலர். ஏப்ரல்ல அரசாங்கம் கட்டை அவிழ்த்து விட்டதும் விலை நேரா 15.42 போய் நின்னுடுச்சு. அதே பத்தாயிரம் 648 டாலர். ஒப்பந்தத்துல ஒரு எழுத்து மாறலை, தலைமையாசிரியர் ஒரு வார்த்தை சொல்லலை, சம்பளத்துல ஆறுல ஒரு பங்கு போச்சு. அன்னிக்கு ஸ்டாஃப் ரூம்ல இருந்த ஏழு இந்திய வாத்தியாரும் ஃபோன்ல கால்குலேட்டரைத் தட்டிக்கிட்டு இருந்தோம். உள்ளூர் டீச்சர் ஒருத்தங்க வந்து "யாருக்காவது உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாங்க.

இன்னிக்கும் அதிகார விலைக்கு டாலர் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. வங்கி வழியா வெளிநாட்டுத் தொழிலாளி ஊருக்கு அனுப்ப மாசத்துக்கு இவ்வளவுதான்னு வரம்பு வைப்பாங்க, அது கூடும் குறையும். மிச்சத்தை வெளியில வாங்கினா அதை விட ரொம்ப அதிகமாக் கேப்பான், அது சட்டப்படி சரியும் இல்லை. அதனால கணக்குப் போடும்போது 15.42ஐ மறந்துடு. வரம்புக்குள்ள மாசாமாசம் எவ்வளவு போகும்னு கிளம்புறதுக்கு முன்னாடி இப்போ அங்கே இருக்கிறவங்க யார்கிட்டயாவது கேளு. நான் கிளம்பின வருஷம் அனுப்புற பணத்துக்கு 3 சதவீதம் வரி வேற போட்டாங்க, 2020ல எடுத்துட்டாங்க. சம்பளத்துக்கு வருமான வரி மாசம் 60,000 ரூஃபியாவுக்கு மேலதான், அந்த உயரத்துக்கு நாம போகப் போறதில்லை, கவலைப்படாதே.

செலவுன்னு பார்த்தா தீவுல பணத்தைச் செலவு பண்ண இடம் கிடையாது. அதுதான் அதோட பெரிய சேமிப்புத் திட்டம்.

#7 போதும்டாசாமி

எல்லாரும் நிலாவைக் காட்டுறீங்க. நான் ஒண்ணரை வருஷத்துல ஓடி வந்தவள், என் பக்கத்தையும் கேட்டுட்டுப் போகட்டும்.

உயிரியல் எடுத்தேன். ஏஜென்ட் என்கிட்ட ரெண்டு மாசச் சம்பளத்துக்கு மேல வாங்கினான். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கணும்னு இந்திய அரசு விதியே இருக்குன்னு எனக்கு அங்கே போனப்புறம்தான் தெரியும். 'தனி அறை'ன்னாங்க. போனா மூணு பெண்கள் ஒரு அறை, ஒரே அடுப்பு. கூட இருந்த ரெண்டு பேரும் கேரளா. நல்ல பெண்கள்தான். ஆனா ஒரே வேலை, ஒரே அறை, ஒரே தெரு, அதே ரெண்டு முகம். எட்டாவது மாசம் தேங்காய் யார் துருவுறதுன்னு ஆரம்பிச்ச சண்டையில பதினோரு நாள் பேசாம இருந்தோம். ஒரு தேங்காய்க்கு.

சாயந்திரம் கடற்கரையில நடந்தா காலையில வைபர் (வாட்ஸ்அப் மாதிரி) குரூப்ல வந்துடும். 'மிஸ் நேத்து ஜெட்டி பக்கம் தனியா உக்காந்திருந்தாங்க, உடம்பு சரியில்லையா'ன்னு. அக்கறைதான், ஒத்துக்கறேன். ஆனா ஆயிரத்து இருநூறு பேரோட அக்கறையை ஒரு ஆள் எவ்வளவு தாங்குவா? உடை விஷயத்துல யாரும் வற்புறுத்தலை, முழுக்கை சுடிதார், துப்பட்டா போதும். தலையை மூடச் சொல்லலை.

அப்புறம் டெங்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு சீ ஆம்புலன்ஸ்ல குல்ஹுதுஃபுஷி ஆஸ்பத்திரிக்கு. படகு ஏறி ஏறி விழுந்தது. என் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தது எங்க அறைப்பெண், பதினோரு நாள் பேசாதவள். அதைச் சொல்லாம விட்டா பாவம். உள்ளூர்க்காரங்களுக்கு இருக்கிற அரசுக் காப்பீடு நமக்குக் கிடையாது, பில்லைக் காட்டிப் பணம் திரும்பி வாங்க நாலு மாசம் அலைஞ்சேன். வேலை நல்ல வேலை. நான் அந்த வாழ்க்கைக்கு ஆகலை, அவ்வளவுதான்.

#8 ரியாத்ரிட்டன்

இதைத்தானே நான் ரெண்டு வரியில சொன்னேன். எங்கே போனாலும் அறை, அடுப்பு, ஏஜென்ட். இதுல தீவுன்னு என்ன தனியா?

#9 போதும்டாசாமி

ரியாத்ல அறைச் சண்டைன்னா நீங்க பஸ் ஏறி வேற ஏரியா போயிடலாம் சார். நான் எங்கே போக? மூணு நிமிஷம் நடந்தா தண்ணி.

#10 ரியாத்ரிட்டன்

சரி. அது பாயிண்ட். வாபஸ்.

#11 மட்டுநகரான்

எனக்கும் கதைக்க இடம் தாங்கோ. நான் மட்டக்களப்பு. மாலே பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல மூன்று வருசம் கணிதம் படிப்பிச்சனான். எங்கட ஆக்கள் அங்க கனகாலமாப் படிப்பிக்கிறாங்க.

எனக்கு ஒரு வசதி இருந்தது, சிங்களம் தெரியும். திவெஹி மொழி சிங்களத்துக்குச் சொந்தக்காரி. சிங்களத்துல எக்க, தெக்க, துன, ஹத்தர, பஹ எண்டு வரும். அவங்கட எக்கே, தே, தினே, ஹத்தரே, ஃபஹே. முதல் நாள் வகுப்புல ஐந்து வரைக்கும் எண்ணிக் காட்டினன், பிள்ளைகள் வாயைப் பிளந்துட்டாங்க. பழைய ஆக்கள் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணுவாங்களாம், அதையும் ஒரு கிழவி எனக்குச் சொல்லித் தந்தா. பத்தடிமானத்துக்கு வெளியில இன்னொரு எண்முறைக்கு உதாரணம் தேடி நான் புத்தகத்தைப் புரட்டத் தேவை வரேல்ல.

வசதி இல்லாத ஒண்டும் இருந்தது. நீங்க இந்தியத் தமிழர், உங்களுக்கு இது வராது. தேத்தண்ணிக் கடையில ஒரு பெரியவர் எந்த ஊர் எண்டு கேட்டார். இலங்கை, தமிழ் எண்டன். கோப்பையை வச்சுட்டுக் கொஞ்ச நேரம் பேசேல்ல. பிறகு, "1988 நவம்பர் 3" எண்டார். அவ்வளவுதான். அண்டைக்கு மாலேக்குள்ள துவக்கோட இறங்கினது எங்கட ஆயுத இயக்கம் ஒண்டின்ட ஆக்கள். இந்திய ராணுவம் வந்துதான் முடிவுக்கு வந்தது. நான் அப்ப பிறக்கவே இல்ல. என்னத்தைச் சொல்ல? "ஓம், வாசிச்சிருக்கிறன்" எண்டன். அவர் பஜியா ஒண்டை எடுத்து என்ட தட்டில வச்சார். அதுக்குப் பிறகு மூன்று வருசமும் அந்தாள்தான் எனக்கு நல்ல மாசி வாங்கித் தந்தவர்.

#12 வகுத்தல்மீதி

படிக்கப் படிக்க ஆசையும் பயமும் சேர்ந்தே வளருது. ரெண்டே கேள்வி பாக்கி. வகுப்பு எப்படி இருக்கும்? பசங்க நேரடியா "சார், நீங்க ஏன் முஸ்லிம் இல்லை?"ன்னு கேட்டா?

#13 தோணிக்காரன்

கேப்பாங்க. முதல் வாரமே கேப்பாங்க. எனக்கு நடந்ததைச் சொல்றேன். ஆறாம் வகுப்பு, பின்னம் நடத்திட்டு இருக்கேன். முன் வரிசைப் பையன் கையைத் தூக்கினான். சந்தேகம்னு நினைச்சேன். "சார், நீங்க நல்லவரு. ஏன் முஸ்லிம் இல்லை? அப்புறம் நரகத்துக்குப் போயிடுவீங்களே." குரல்ல துளி நக்கல் கிடையாது. அழுற மாதிரி இருந்தான். பத்தொன்பது பேரும் என்னையே பார்க்கிறாங்க. இங்கேதான் ஜாக்கிரதை. வேற மதத்தைப் பரப்புறது அங்கே குற்றம். நம்ம சாமியைப் பத்தி நீ ஆர்வமா விளக்க ஆரம்பிச்சா அதை அவன் வீட்டுல எப்படிச் சொல்லுவான்னு உனக்குத் தெரியாது. நான் சொன்னது, "எங்க அம்மா அப்பா எப்படி வளர்த்தாங்களோ அப்படி இருக்கேன். நீ உன் அம்மா சொல்றதைக் கேக்கறே இல்லையா, அதே மாதிரி." அவன் யோசிச்சான். "நான் உங்களுக்காக துஆ கேக்கறேன் சார்"னான். "கேளுடா, ஆனா முதல்ல மூணுல ரெண்டையும் நாலுல ஒண்ணையும் கூட்டு"ன்னேன். தப்பாக் கூட்டினான்.

வகுப்பு சின்னது, இருபது பேருக்குள்ளதான். அடிக்கிற பேச்சே கிடையாது, நம்ம ஊர்க் கண்ணை உருட்டுற வித்தையும் எடுபடாது. உன் முன்னாடியே "போர் அடிக்குது சார்"ம்பாங்க. ஆரம்பத்துல கோபம் வரும், அப்புறம் அது மரியாதைக் குறைவு இல்லைன்னு புரியும். பேர்தான் பெரிய தலைவலி. என் வகுப்புல நாலு அஹ்மத், மூணு முஹம்மத், அஞ்சு ஆய்ஷத். "அஹ்மத்"னு கூப்பிட்டா பாதி வகுப்பு எழுந்திருக்கும். ரெண்டாவது பேரை முதல் நாளே மனப்பாடம் பண்ணிடு. இஸ்லாம் பாடமும் திவெஹியும் உள்ளூர் ஆசிரியர்கள் எடுப்பாங்க. மத்தது எல்லாம் இங்கிலீஷ்ல, மேல் வகுப்புல கேம்பிரிட்ஜ் தேர்வு.

கணக்குக்காரனுக்குன்னு ஒரு விஷயம். அவங்க எழுத்துக்கு 'தானா'ன்னு பேர், வலமிருந்து இடம் போகும். மொத்தம் 24 எழுத்து. அதுல முதல் ஒன்பதும் அரபு எண்கள், ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரை வரிசையா. அடுத்த ஒன்பது அவங்களோட பழைய உள்ளூர் எண்கள். எண்ணும் எழுத்தும் ரெண்டு கண்ணுன்னு நமக்குச் சொல்லிக் கொடுத்தாங்க, அங்கே எண்ணே எழுத்தாயிடுச்சு. இதை எனக்குச் சொன்னது திவெஹி டீச்சர். அன்னிக்கு ராத்திரி தூங்காம அந்த ஒன்பதையும் எழுதி எழுதிப் பார்த்தேன். ஒரு சின்னப் பொண்ணு ஒரே நோட்டுல வலப்பக்கத்துலேர்ந்து திவெஹி, இடப்பக்கத்துலேர்ந்து கணக்கு எழுதும். திருத்தும்போது ரெண்டும் நடுவுல முட்டிக்கிட்டு நிக்கும், புது நோட்டு வாங்குன்னு எழுதி அனுப்புவேன். எந்தப் பக்கத்துல எழுதுறதுன்னே குழம்புவேன்.

#14 காயல்பெண்

நோன்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. பள்ளி நேரம் குறையும். டீக்கடைகளைப் பகலில் திறக்க மாட்டார்கள். பொது இடத்தில் நீங்கள் தண்ணீர் குடிக்கக் கூடாது, முஸ்லிம் இல்லை என்றாலும். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் தாளிக்கிற வாசனைக்குக் கதவு கிடையாது, அதுதான் சிக்கல். எங்கள் பக்கத்து அறையில் மதுரைக்காரர் ஒருவர் இருந்தார், இந்து. சாயந்திரம் நாலு மணிக்கு, ஊரே வாடிக்கிடக்கும் நேரத்தில், கடுகும் பெருங்காயமும் தாளித்தார். வீட்டுக்காரப் பாட்டி வாசலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சியபடியே சிரித்தார். "அல்லாஹ் என்னைச் சோதிக்கிறான், இந்த சார் மூலமாக." மறுநாளிலிருந்து அந்த மதுரைக்காரர் எங்களோடு விடியலுக்கு முன் ஸஹர் நேரத்தில் எழுந்து சமைத்து மூடி வைத்துவிடுவார். யாரும் கேட்டுச் செய்ததில்லை. சாயந்திரம் மஃரிப் (நோன்பு திறக்கும் நேரம்) ஆனதும் அந்தப் பாட்டி வீட்டிலிருந்து அவருக்குத் தனியாக ஒரு தட்டு, மீன் போடாத பூசணிக்காய், முப்பது நாளும்.

என் உம்மும்மா அர்வியில் கடிதம் எழுதுவார், அரபு எழுத்தில் தமிழ். அட்டூவில் என் வீட்டுக்காரம்மா வலமிருந்து இடமாகக் கடைச்சீட்டு எழுதுவதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு அங்கே முதல் முதலாக வீடு போல இருந்தது.

#15 ஒருவழியாசொல்லு

எல்லாம் சரி, 2024 ஜனவரில நம்ம ஆளுங்க 'மாலத்தீவைப் புறக்கணி'ன்னு கிளம்பினாங்களே, அவங்க 'இந்தியா அவுட்'ன்னாங்களே? அங்கே போய் இந்தியன்னு சொல்லிக்க முடியுமா?

#16 தீவுலயேஇருக்கேன்

இப்பவும் இங்கே வேலை பார்க்கிறவன் பதில் சொல்றேன். அந்த ஜனவரியில எங்க தீவுல பேச்சு நடந்தது, வைபர்ல சூடாத்தான் இருந்தது. பத்தாவது பையன் ஒருத்தன் "சார், நீங்களும் போயிடுவீங்களா?"ன்னு கேட்டான். இந்திய ராணுவத்தினர் மே 10க்குள்ள கிளம்பினாங்க, அவங்க ஓட்டின ஹெலிகாப்டரை சிவில் ஆளுங்க ஓட்டுறாங்க, நோயாளிகளை ஏத்திட்டுப் போற வேலை நிக்கலை. என்கிட்ட முகம் கொடுத்துப் பேசாதவங்கன்னு யாரும் இல்லை. அரசியல் வாய் திறக்கறதில்லை, அவ்வளவுதான். தம்பி, சான்றிதழை மாலத்தீவுத் தகுதி ஆணையம் சரிபார்க்கும், மூலப் பிரதி எல்லாம் கையோட வெச்சுக்கோ. மருத்துவக் காப்பீட்டில் என்ன அடங்கும்னு கையெழுத்துக்கு முன்னாடி படி. இப்போ ஆர்டிஎல்னு அதிவேகப் படகு ஓடுது, தோணிக்காரர் காலத்தை விடப் பரவாயில்லை. காத்துக்கு மட்டும் அதுவும் நிக்கும்.

#17 வகுத்தல்மீதி

நாலு மாசம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். வந்து சேர்ந்துட்டேன். ஹனிமாதூ விமான நிலையத்துல இறங்கி, படகுல ஒன்றேகால் மணி நேரம். முதல் பத்து நிமிஷம் டால்ஃபின் பார்த்தேன், மிச்சம் முழுக்க வாந்தி.

பஜியாவைச் சாப்பிட்டுட்டேன். அக்கா சொன்னது ஞாபகம் வந்தது கடைசி வாய்க்கு அப்புறம். தலைமையாசிரியை ஆசையா நீட்டினாங்க, மறுக்க முடியலை. அம்மாகிட்ட சொல்லலை, யாரும் சொல்லிடாதீங்க.

நரகக் கேள்வி பன்னிரண்டாம் நாள் வந்தது. தோணி அண்ணா பதிலையே சொன்னேன். அந்தப் பொண்ணு ஏத்துக்கலை. "அம்மா சொன்னா தப்பா இருந்தாலும் கேப்பீங்களா சார்?"ன்னு திருப்பிக் கேட்டுடுச்சு. என்கிட்ட பதில் இல்லை, மணி அடிச்சுக் காப்பாத்துச்சு. இதுக்கு அடுத்த வரி என்னன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

பணம் தோணி அண்ணா சொன்னபடிதான். இந்த மாசம் வரம்புக்கு மேல அனுப்ப முடியலை, மிச்ச ரூஃபியா கணக்குல தூங்குது. அறையில நாங்க ரெண்டு பேர், தேங்காயை முறை வெச்சுத் துருவுறோம். போதும்டாசாமி அக்காவுக்கு நன்றி, போன அன்னிக்கே சுவத்துல அட்டவணை ஒட்டிட்டேன்.

ஒரு உதவி. அடுத்த மாசம் திருவனந்தபுரம் பக்கம் இருந்து யாராவது வடக்கு அட்டோல்களுக்கு வரீங்களா? அம்மா கொடுத்தனுப்ப அரைக் கிலோ புளியும் சாம்பார் பொடியும் இருக்கு. வேற ஒண்ணும் இல்லை, பிள்ளையார் இல்லை, சத்தியமா.

#18 தோணிக்காரன்

தம்பி, என் பழைய பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர் ஊருக்கு வந்திருக்கார், 14ஆம் தேதி திரும்புறார். அவர் நம்பரைத் தனிச்செய்தியில அனுப்பறேன். புளியை ரெண்டு பிளாஸ்டிக் உறையில போடச் சொல்லு, போன தடவை அவர் சட்டையெல்லாம் பாழ். அவர் அடுத்து இங்கே வரும்போது அவர்கிட்டயே எனக்கு ஒரு கிலோ மாசி கொடுத்தனுப்பு. கட்டையா, கறுப்பா, தட்டினா மரம் மாதிரி சத்தம் வரணும். சத்தம் வராததை வாங்காதே.